நீலப் புள்ளியும் அதைச் சுற்றிய வட்டமும்

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலை ஏறத் தொடங்கினால் செல்போனில் டவர் கோடுகள் ஒவ்வொன்றாக உதிரும். கரியாலூரிலும் வெள்ளிமலையிலும் பேசலாம். அங்கிருந்து ஒரு பள்ளத்தில் இறங்கினால் பேச்சு அறுந்துபோகும். கல்வராயன் மலைக்கு இது புதிதல்ல. ஆனால் டவர் போன மறு நிமிஷமே, "ஜி.பி.எஸ்ஸும் போச்சுங்க" என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்காது.

"டவரே இல்லாதப்ப அது எப்படி சார் காட்டும்?" என்று கேட்டான், மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டும் பையன். கேள்வி நியாயமானதுதான். பாட்டு, படம், பணம் அனுப்புவது என்று போனில் நாம் செய்வதெல்லாம் டவர் வழியாகத்தான் நடக்கிறது. இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது மட்டும் அப்படியல்ல. நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லைக்கல் தேடியே காலம் போனது. அந்தப் பையனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதல் விஷயம், நம் போன் செயற்கைக்கோளோடு பேசுவதில்லை. அது சொல்வதைக் கேட்கிறது, அவ்வளவே. அமெரிக்காவின் ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் 31, தரையிலிருந்து 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நாளைக்கு இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, "நான் இன்னார், இந்த நொடியில் இந்த இடத்தில் இருக்கிறேன்" என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே போகின்றன. யார் கேட்கிறார்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது. இதற்கு ரீசார்ஜ் தேவையில்லை, டவரும் தேவையில்லை. மேலிருந்து யாரோ நம்மைக் கண்காணிக்கிறார்கள் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கணக்கைப் போடுவது நம் கையிலுள்ள போன்தான். போட்ட கணக்கைப் பிறகு எந்த ஆப் யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது என்பது தனி வழக்கு. பயப்படுவதானால் அதற்குப் பயப்படலாம்.

கேட்பதை வைத்து இடம் எப்படித் தெரியும்? எங்கள் தொழிலிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஒரு புலத்தில் மூலைக்கல் காணாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டர் பிடுங்கிப் போட்டிருக்கும், பங்காளி பிடுங்கினான் என்று மனு வரும். புலப்படத்தைப் பிரித்தால், அந்தக் கல்லுக்கும் மற்றக் கற்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று எழுதியிருக்கும். நின்றுகொண்டிருக்கும் கல் ஒன்றில் சங்கிலியின் முனையைப் பிடித்து, அந்தத் தூரத்துக்குத் தரையில் ஒரு வளைவு போடுவோம். இன்னொரு கல்லிலிருந்து இன்னொரு வளைவு. இரண்டு வளைவும் இரண்டு இடத்தில் வெட்டும். மூன்றாவது கல்லிலிருந்து அளந்ததும் அதில் ஒன்று கழிந்துவிடும். மிஞ்சிய இடத்தில் தோண்டினால் பெரும்பாலும் பழைய கல்லின் அடித்துண்டே கிடைக்கும்.

வானத்தில் இருப்பவை ஓடும் கற்கள். எங்கே இருக்கிறோம் என்பதை அவையே சொல்லிவிடுகின்றன. தூரத்தை அளக்கத்தான் சங்கிலி கிடையாது, அதற்குப் பதிலாக நேரம். ரேடியோ அலை நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகும். 20,200 கிலோமீட்டரைக் கடந்து வெள்ளிமலைக்கு வர அதற்கு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு போதும். எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று செய்தியிலேயே இருக்கிறது. எத்தனை மணிக்கு வந்தது என்று போன் பார்த்துக்கொள்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வேகத்தால் பெருக்கினால் தூரம்.

சிக்கல் கடிகாரத்தில் வருகிறது. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது. போனில் இருப்பதோ சில ரூபாய்க் கடிகாரம். அதனால்தான் மூன்று செயற்கைக்கோள் போதாமல் நான்காவது ஒன்று வேண்டியிருக்கிறது. நான்கு தூரங்களும் ஒரே புள்ளியில் கூடும்படி தன் கடிகாரத்தின் பிசகை போனே திருத்திக்கொள்கிறது. இதில் ஐன்ஸ்டைனும் வருகிறார். அந்த உயரத்தில் ஈர்ப்பு குறைவு, ஓட்டம் வேகம். இரண்டும் சேர்ந்து அங்குள்ள கடிகாரத்தை நாளொன்றுக்குத் தரைக் கடிகாரத்தைவிட 38 மைக்ரோ நொடி முந்த வைக்கும். அதைக் கழிக்காமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் கணக்கு தவறிப்போகும்.

சரி, டவர் தேவையில்லை என்றால் மலையில் ஏன் தடுமாறுகிறது? டவருக்கும் இதில் ஒரு சின்ன வேலை உண்டு என்பதால்தான். எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற விவரத்தை அவை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் அனுப்புகின்றன. ஒரு செயற்கைக்கோளின் சொந்த விவரத்தை முழுதாகக் கேட்க அரை நிமிடம் ஆகும். எல்லாச் செயற்கைக்கோள்களின் மேலோட்டமான பட்டியலையும் கேட்டு முடிக்க பன்னிரண்டரை நிமிடம். ஊரில் இருக்கும்போது இதே விவரத்தை போன் இணையத்திலிருந்து கண்சிமிட்டும் நேரத்தில் இறக்கிக்கொள்கிறது. மலையில் அந்தச் சலுகை இல்லை. நேரே வானத்திலிருந்துதான் கேட்டாக வேண்டும். நாமோ பத்து விநாடி பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுகிறோம். மரம் மறைக்காத பாறைமேல் நின்று சில நிமிடம் பொறுத்தால் பிடித்துவிடும்.

இதோடு ஒரு உபாயமும் சொல்லிவிடுகிறேன். டவர் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைக் காலி செய்யும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இப்போதைய போன்களில் பெரும்பாலானவை அப்போதும் செயற்கைக்கோளைக் கேட்டுக்கொண்டிருக்கும். மேப்பை மட்டும் கள்ளக்குறிச்சியிலேயே இறக்கிச் சேமித்துக்கொண்டு ஏற வேண்டும். இல்லாவிட்டால் வெற்றுத் திரையில் புள்ளி நிற்கும்.

புள்ளி என்றதும் அதைச் சுற்றியுள்ள வெளிர்நீல வட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. நான் பார்த்தவரை புள்ளியைப் பார்க்காதவர் இல்லை, வட்டத்தைப் பார்த்தவர் மிகச் சிலர். "இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறீர்கள்" என்பதுதான் போன் நேர்மையாகச் சொல்லும் பதில். புள்ளி வெறும் நடுமையம். ஆண்ட்ராய்டு போனில் அந்த வட்டத்துக்குள் நாம் இருக்க 68 விழுக்காடு வாய்ப்பு என்பது கணக்கு. அதாவது மூன்றில் ஒரு தடவை நாம் வட்டத்துக்கும் வெளியே நிற்கலாம்.

திறந்த வானத்தின்கீழ் நல்ல போனில் வட்டம் 5 மீட்டர் அளவுக்குச் சுருங்கும். பள்ளத்தாக்கில் பாதி வானத்தை மலை மறைத்துக்கொள்கிறது. பலா மரத்தடியில் இலையடுக்கு அலையைத் தின்கிறது. பாறைச் சரிவில் பட்டுத் திரும்பி வரும் அலை கொஞ்சம் தாமதமாக வந்து, தூரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. அனுப்பும்போதே அந்த அலையின் ஆற்றல் வீட்டுக் குண்டு பல்பு அளவுதான். இவ்வளவு தூரம் வந்து சேர்வதே பெரிது. வட்டம் ஒரு மலையையே விழுங்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தால், போன் இன்னும் செயற்கைக்கோளைப் பிடிக்கவில்லை, தொலைவில் உள்ள ஏதோ டவரை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்கிறது என்று அர்த்தம். அதை நம்பி வண்டியைத் திருப்பக் கூடாது.

இப்போதைய போன்கள் ஜி.பி.எஸ்ஸை மட்டும் கேட்பதில்லை. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கின்றன. நம்முடைய நாவிக்கும் உண்டு. 2013 ஜூலை 1-ம் தேதி முதல் செயற்கைக்கோள் ஏறியது. 2016-ல் ஏழாவது ஏறியதும் நாவிக் என்று பெயர் சூட்டினார்கள். மலைக்காரர்களுக்கு இதில் ஓர் ஆதாயம் இருக்க வேண்டும். 83 டிகிரி கிழக்கில் ஒரு செயற்கைக்கோளை நிலையாக நிறுத்தும் திட்டம் அது. கல்வராயன் மலையிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட உச்சிக்கு மேல். எந்தப் பள்ளத்தாக்கும் அதை மறைக்காது. ஆனால் இறக்குமதி செய்த அணுக் கடிகாரங்கள் சதி செய்தன. முதல் செயற்கைக்கோளில் மூன்று கடிகாரமும் நின்றன. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியது, ராக்கெட்டின் வெப்பக் கவசம் திறக்காததால் உள்ளேயே சிறைப்பட்டது. 2023 மே மாதம் உள்நாட்டு ருபீடியம் கடிகாரத்தோடு, சாதாரண போன்களும் கேட்கக்கூடிய அலைவரிசையும் சேர்த்து ஒன்று போனது. அதற்கடுத்தது 2025 ஜனவரியில், ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலில் ஏறி, சேர வேண்டிய சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. கடிகாரம் நம்முடையதாக இல்லாமல் இந்தத் தொழிலில் காலூன்ற முடியாது என்பது என் கருத்து. அந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றிருக்கிறார்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. செயற்கைக்கோள் கணக்கு பூமியை வழுவழுப்பான முட்டை வடிவமாக எடுத்துக்கொள்கிறது. நிஜக் கடல்மட்டம் அப்படி இல்லை. ஈர்ப்பு குறைந்த இடத்தில் கடல் தாழ்ந்து கிடக்கும். உலகத்திலேயே அப்படி மிகத் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, அந்த முட்டையைவிட 106 மீட்டர் கீழே. ஏன் அப்படி என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் 2023-ல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். பூமியின் ஆழத்திலிருந்து மேலெழும் சூடான, எடை குறைந்த பாறைப்பொருள் காரணமாம். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடும் இருக்கிறது. அதனால் திருத்தம் செய்யாத ஆப்பில் நம் பக்கத்து உயரம் தொண்ணூறு மீட்டர் அளவு குறைவாகவே காட்டும். மெரினாவில் நின்று பார்த்தால் கடலுக்கடியில் நிற்பதாகச் சொல்லும். மலை உச்சியில் எடுத்த உயரத்தைப் போட்டோவோடு போட்டுப் பெருமைப்படுகிற இளைஞர்கள் இதைக் கவனிக்கலாம். நீங்கள் ஏறியது அதைவிட அதிகம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். போனில் நிலம் அளக்கும் ஆப்கள் வந்துவிட்டன. வரப்பைச் சுற்றி நடந்து வந்தால் இத்தனை ஏக்கர், இத்தனை சென்ட் என்று சொல்லிவிடும். மரவள்ளி போட எவ்வளவு கரணை வேண்டும், உழவுக்கூலி எவ்வளவு என்று உத்தேசம் பார்க்க அது போதும், நானே பயன்படுத்தச் சொல்வேன். ஆனால் அதைக் காட்டி எல்லை பேச வருகிறார்கள். கணக்குப் பாருங்கள். சதுரமான அரை ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் 45 மீட்டர். எதிரெதிர் வரப்புகளில் ஒன்றே ஒன்று 5 மீட்டர் தள்ளிப் பதிவானால் 225 சதுர மீட்டர் கூடும் அல்லது குறையும். அது ஐந்தரை சென்ட். ஐம்பது சென்டில் ஐந்தரை சென்டை எவன் விட்டுக்கொடுப்பான்? வட்டத்துக்குள் இருக்கும் சந்தேகம் வரப்பின் அகலத்தைவிடப் பெரியது. அதை வைத்து வரப்புத் தகராறு தீர்க்க முடியாது.

துறையில் இப்போது பயன்படுத்தும் கருவியும் செயற்கைக்கோளைத்தான் கேட்கிறது. வித்தியாசம் என்னவென்றால், இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையத்தில் இன்னொரு கருவி நின்றபடி, "இந்த நிமிஷம் வானத்துக் கணக்கு இவ்வளவு பிசகுகிறது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பிசகை இங்கே கழித்தால் சென்டிமீட்டர் கணக்குக்கு வந்துவிடலாம். சங்கிலிக்காரனான எனக்கு முதன்முதல் அதைப் பார்த்தபோது பொறாமைதான் வந்தது.

மலையில் இந்தத் துல்லியம் வெறும் தொழில் விஷயமல்ல. நெடுங்காலம் ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை இது. பாட்டன் காலத்திலிருந்து சாமை விதைக்கும் நிலம், காகிதத்தில் காடு என்றே இருக்கும். 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து தன் அனுபவத்தில் இருக்கும் காட்டு நிலத்துக்கு, குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கோரப் பழங்குடிகளுக்கு வழி செய்தது. கோரும் நிலத்தை நேரில் பார்த்துச் சரிபார்ப்பது கிராம சபையின் வன உரிமைக் குழு. அப்போது ஜி.பி.எஸ் கருவியோ போனோ கையில் வரும். மரச்செறிவில் எடுத்த நான்கு புள்ளி கணினிப் படத்தில் ஏறினால், பக்கத்துக்காரர் நிலத்தின்மேல் படியலாம், ஓடைக்கு அந்தப்பக்கம் போய் உட்காரலாம். படத்தைப் பார்த்து மனுவைத் தள்ளுவது சுலபம். 2012-ல் திருத்திய விதிகள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கின்றன. செயற்கைக்கோள் படமும் இதர தொழில்நுட்பமும் மற்ற ஆதாரங்களுக்குத் துணையாக இருக்கலாம், அவற்றுக்கு மாற்றாக முடியாது என்று தெளிவாகவே சொல்கின்றன. ஊர்ப் பெரியவர் வாய்மொழி, பழைய கல் வரிசை, வைத்து வளர்த்த பலா, புளி எல்லாம் ஆதாரம்தான். இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதிகாரிகள் தெரிந்துவைத்திருப்பது இன்னும் நல்லது.

பழைய வரைபடத்திலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்து போனில் அடிப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 1802 ஏப்ரல் 10-ம் தேதி பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். நாட்டையே முக்கோணங்களாகக் கட்டிய அளவை அது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது அரை டன் எடையுள்ள கோணமானி அடிபட்டு நசுங்க, மனிதர் அதைத் தானே தட்டிச் சீர்செய்து மறுபடி கிளம்பினார். அந்த வழியில் பின்னால் வந்தவர் எவரெஸ்ட். அவர் 1830-ல் கணக்கிட்ட பூமி வடிவத்தின்மேல்தான் நம் பழைய தாள்கள் வரையப்பட்டன. போன் பயன்படுத்துவது வேறொரு பூமி வடிவம். இரண்டுக்கும் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். எண்கள் இரண்டும் சரி, ஆனால் ஒன்றோடொன்று பொருந்தாது.

நூறு நாள் வேலையில் நடந்ததையும் இங்கே சொல்லிவிடலாம். 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தலங்களிலும் ஆப்பில் இடக்குறியோடு போட்டோ எடுத்துத்தான் வருகைப்பதிவு என்றார்கள். செயற்கைக்கோள் இடத்தைக் கொடுத்துவிடும். போட்டோவை அனுப்ப டவர் வேண்டும். வேலை செய்த பெண்கள் "ஜி.பி.எஸ் எடுக்கலைங்க" என்று அதையே குறை சொன்னார்கள். அது பாவம், தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது.

இதே மாதிரி இன்னொரு குழப்பம், இடமும் வழியும் ஒன்றென்று நினைப்பது. செயற்கைக்கோளுக்குச் சாலை தெரியாது. எங்கே இருக்கிறீர்கள் என்பதோடு அதன் பேச்சு முடிந்தது. சாலையைக் கோடு போட்டது யாரோ ஒருவர், எப்போதோ. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, போன் காட்டிய வழியில் போன கார் அறுந்து கிடந்த பாலத்திலிருந்து ராம்கங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலம் அறுந்திருந்தது வரைபடத்தில் இல்லை. நம் மலையில் ஒற்றையடிப் பாதையையும் மேப் சாலை என்று காட்டும். மழைக்காலத்தில் ஓடைத் தடமும் பாதை மாதிரியே இருக்கும். வெளியூரிலிருந்து மேகம் அருவி பார்க்க வருகிறவர்கள் மேப்போடு ஒரு தடவை டீக்கடையிலும் கேட்டுக்கொள்வது உத்தமம்.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது ஆம்புலன்ஸ்தான். டவர் இல்லாத குக்கிராமத்தில் ஒருவருக்கு முடியாமல் போகிறது. வீட்டுப் பையன் டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஓடி, 108-க்கு அடித்து, அங்கிருந்தே லொக்கேஷன் அனுப்புகிறான். அது மேட்டின் லொக்கேஷன். வீடு கீழே எங்கோ இருக்கிறது. வண்டி வராத ஊரென்றால் டோலி கட்டித் தூக்கி வர வேண்டும், எந்த இடத்தில் சந்திப்பது என்பதில் அரைமணி போய்விடும். ஓடுவதற்கு முன் வீட்டு வாசலில் நின்று மேப்பில் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். அதைக் கையில் எழுதிக்கொண்டு ஓடினால் போதும். வாட்ஸ்அப் வேண்டாம், வாயால் சொல்லலாம்.

சொல்லும்போது புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் போதும். நான்காவது இலக்கம் 11 மீட்டர். அதற்குமேல் போன் காட்டும் இலக்கங்கள் வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிபின் குறியீடும் இதே எண்களிலிருந்து பிறப்பதுதான். நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டத்துக்குப் பத்து எழுத்து. புழக்கத்துக்கு வரட்டும். அதுவரை எண்ணே சுலபம்.

வரிசை மட்டும் மாறக் கூடாது. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரை முதல் எண் 11-ல் தொடங்கும், இரண்டாவது 78-ல். மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒருநாள் போட்டுப் பார்த்தேன். கள்ளக்குறிச்சியின் எண்ணைத் திருப்பினால் வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் போய் விழுகிறது. அங்கே சில கிலோமீட்டரில், நியூ ஓலசுண்ட் என்ற ஊரில், 2008-ல் இந்தியா திறந்த ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. நம் நாட்டு ஆட்களே இருந்தாலும் ஆம்புலன்ஸ் அனுப்ப மாட்டார்கள்.

ராத்திரியில் பதற்றத்தில் எண் தேட வேண்டாம் என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு மலைக்கிராமத்திலும் பள்ளிக்கூடச் சுவரிலோ ரேஷன் கடைச் சுவரிலோ அந்த இடத்தின் எண்ணைப் பெரிதாக எழுதி வைத்துவிடலாம். ஒரு டப்பா பெயின்ட் செலவு. எழுதுவதற்கு முன், கட்டடத்தை விட்டு வெளியே மைதானத்தின் நடுவில் நின்று, வட்டம் இனிச் சுருங்காது என்னும்வரை காத்திருந்து எண்ணை எடுங்கள். அடுத்த நாள் வேறு போனில் இன்னொரு தடவை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே 11, கீழே 78.